மறுமொழி: 'உறைமாத்திரை அகநோக்கியியல்' சரிதானா?

> கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பிக்கு 'உறைமாத்திரை அகநோக்கியியல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா. இரண்டு இடத்தில் இடிக்கிறது. 'இயல்' படிப்புத் துறைக்கு. இது கேமரா பொதிந்த மாத்திரையை விழுங்கிக் குடலின் உள்ளே பார்க்கும் ஒரு சோதனை, 'அகநோக்கல்' போதும். உறைமாத்திரை என்றால் உறை கரைந்து மருந்து வெளிவர வேண்டும். இதில் எதுவும் கரையாது. ஏறத்தாழ 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. விட்டம், உள்ளே கேமரா, விளக்கு, மின்கலம். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வகை, குடலசைவு தள்ளத் தள்ள நொடிக்கு இரண்டு படம் எடுத்தபடி போய், கடைசியில் மலத்தோடு வெளியேறியது.

என் பரிந்துரை 'குளிகை அகநோக்கல்'. சித்தர்கள் குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு வான்வழி போனதாகக் கதை உண்டு. இங்கே ஆளைப் படுக்கையில் விட்டுவிட்டுக் குளிகை மட்டும் கிளம்புகிறது! பஞ்சாங்கக் குளிகையோடு குழம்பும் என்பீர்கள். குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்களே, அதுவும் பொருந்தத்தான் செய்கிறது: அரிய குடல் குருதிக்குழல் நோய் உள்ளவர்கள், கசிவு தொடர்ந்தால் மறுபடியும் விழுங்க வேண்டியிருக்கும்.

அந்த அரிய நோய்களில் ஒன்றுக்கு 1958-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் வைத்த பெயரை (புளூ ரப்பர் பிளெப் நீவஸ்) 'நீல ரப்பர்க் கொப்புள மறு நோய்' என்கிறேன். தோலில் நீலக் கொப்புளம். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல நிரம்பும். அதே கொப்புளங்கள் குடலிலும் இருந்து சிறுகச் சிறுக ரத்தம் கசியும். காரணம் தெரியாத சோகையோடு குழந்தை வரும். வாய்வழிக் குழாயும் ஆசனவாய்வழிக் குழாயும் வழக்கமாக எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியைக் குளிகைதான் காட்டிக்கொடுக்கிறது. 'நீவஸ்' என்பதற்கு 'மச்சம்' என்றால் அதிர்ஷ்டம் நினைவுக்கு வரும், வேண்டாம். 'மறு'வில் றகரத்தை மட்டும் காப்பாற்றுங்கள். 'மரு' ஆனால் அது வேறு நோய்.

குடல் சுவரின் நுண்ணிய குருதிக்குழல்கள் விரிந்து நெளிந்துபோகும் ஆஞ்சியோடிஸ்பிளேசியாவை 'வளர்ச்சிப் பிறழ்வு' ஆக்க வேண்டாம், புற்றுநோயின் முன்னிலை என்று படிப்பவர் பயந்துவிடுவார். 'குருதிக்குழல் நெளிவிரிவு' எப்படி?

> 'நெளிவிரிவு' நாக்கில் புரளவில்லை தம்பி, இன்னும் யோசிப்போம். 'குளிகை'க்குச் சம்மதம். இரண்டு வாரம் தாண்டியும் வெளியேறாமல் நின்றுவிட்டால்?

'குளிகைத் தேக்கம்' ஐயா. குடலில் சுருக்கம் இருந்தால் அப்படி நேரும். நோயாளிக்கான கையேட்டில் மட்டும் 'கேமரா மாத்திரை' என்றே இருக்கட்டும். குளிகை என்று போட்டால் மென்று தின்றாலும் தின்றுவிடுவார்கள்.