கோவையில் ரூம் எடுத்துப் படிக்கப் போகும் மகன்: மாசம் 7,500 ரூபாயில் ஓட்ட என்ன பழக்கணும்?

தென்காசி அம்மா (கேள்வி)

மகனுக்குக் கோவையில் பி.இ. சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல் கட்டுப்படியாகலை. கூடப் படிக்கிற ரெண்டு பையன்களோட ரூம் எடுக்கிறான், இவன் பங்கு வாடகை 2,500. எல்லாம் சேர்த்து மாசம் 7,500தான் அனுப்ப முடியும். ஆறாவதுல இருந்து அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவன். வயசு 17, டிசம்பர்ல 18 ஆகுது. வெந்நீர் தவிர அடுப்புல ஒண்ணும் வெச்சதில்லை. கிளம்ப அஞ்சு வாரம் இருக்கு. எதுல ஆரம்பிக்கட்டும்?

கணக்குப்பிள்ளை

பணத்துல ஆரம்பிங்க அம்மா. 7,500ஐ ஒண்ணாந்தேதி மொத்தமா அனுப்பினா இருபதாந்தேதிக்குள்ள போன் வரும். ஊதாரித்தனம் காரணமில்லை. அக்கவுண்ட்ல 5,000 தெரியும்போது 80 ரூபாய் பரோட்டா சின்னதாத் தெரியும், அவ்வளவுதான்.

வாடகை போக மிச்சம் 5,000. அதுல 2,200 ஒண்ணாந்தேதியே மூணு பேரோட பொதுக்கணக்குக்கு: அரிசி, மளிகை, காய், கரண்ட். 400 ஊருக்கு வர்ற டிக்கெட்டுக்கு, அது உங்க கையிலயே இருக்கட்டும். மீதி 2,400ஐ வாரம் 600ஆ திங்கக்கிழமை காலையில அனுப்புங்க. வெள்ளிக்கிழமை அனுப்பினா சனி, ஞாயிறுல கரைஞ்சிடும். மாசக் கடைசியில மிஞ்சுற ரெண்டு மூணு நாளுக்கும் அந்த 600லயே ஒதுக்கப் பழகணும்.

இதை இந்த வாரமே வீட்டுல தொடங்குங்க. டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ், சோப்பு, முடிவெட்டு எல்லாம் அந்த 600லதான். வியாழக்கிழமையே தீர்ந்தா திங்கள் வரை தராதீங்க. வீட்டுல சோறு இருக்கும்போது தீர்ந்தா ஒண்ணும் கெடாது, கோவையில தீர்ந்தா கடன்ல போய் நிக்கும். ரீசார்ஜ்ல ஒரு விஷயம்: 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போடணும்.

ஆறாவதுல இருந்து உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சதால, உங்க பையனுக்குத் தமிழக அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 கிடைக்கும், கல்லூரி வழியா விண்ணப்பிக்கணும். பணம் ஆதார் இணைச்ச கணக்குக்குத்தான் வரும். கோவையில புதுசா கணக்கு தொடங்கி அதையும் மானியத்துக்கு இணைச்சா, கடைசியா இணைச்ச கணக்குக்குப் பணம் திரும்பிடும். "வரவே இல்லை"ன்னு பழைய பாஸ்புக்கைப் பார்த்துத் தேடுறவங்க நிறைய. 18 முடிஞ்சதும் மைனர் கணக்குக்குப் புதுக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்கணும், இல்லைன்னா கணக்கு முடங்கும். டிசம்பர்ல லீவுக்கு வரும்போது முடிச்சிடுங்க.

ரெண்டு விசில் (இன்னொரு பதில்)

சமையலுக்கு வர்றேன் அக்கா. முதல்ல ரூம் சுவர்ல இருக்கிற பிளக் பாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்க. சின்ன ஓட்டை இருக்கிறது 6 ஆம்பியர். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் போட்டு மாட்டினா முதல் வாரம் ஓடும், அப்புறம் பின் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, கருகல் வாடை வரும். பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லைன்னா 1200 வாட்டுக்கு மேல வாங்காதீங்க. அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வேண்டாம், நேரா சுவர்ல. ஒரு மணி நேரம் முழு வேகத்துல ஓடினா 1.2 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறார்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

குக்கர் 5 லிட்டர், இண்டக்‌ஷன் அடி போட்டது. காந்தம் அடியில ஒட்டணும், வெறும் அலுமினியம் சூடாகாது. மூணு பையன்களுக்கு 3 லிட்டர் பத்தாது. ஆளுக்கு 150 கிராம் வீதம் 450 கிராம் அரிசி, மூணு பங்கு தண்ணி ஊத்தினாலே ரெண்டு லிட்டரைத் தாண்டும். அரிசிக்குக் குக்கர் பாதிக்கு மேல நிறையக் கூடாது. நிறைஞ்சா கஞ்சி விசில் துவாரத்துல ஏறி அடைச்சுக்கும். வெயிட்டைக் கழட்டி துவாரத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஓட்டை தெரியுதான்னு பார்க்கிற பழக்கத்தை முதல் நாளே சொல்லிக் கொடுங்க. ஆவி விளிம்புல கசிஞ்சு விசில் வராம இருந்தா முதல்ல மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தை (கேஸ்கெட்) பாருங்க.

ரெண்டு வேளை சோறுன்னா 25 கிலோ அரிசிச் சிப்பம் மூணு பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் வரும். வண்டுக்கு வசம்புத் துண்டு ரெண்டு போட்டு வைங்க. அஞ்சு வாரத்துல அஞ்சு சமையல் போதும்: சோறு, பருப்பு, ரசம், முட்டைப் பொரியல், உப்புமா. காயை அவனே கடையில வாங்கணும், பாத்திரத்தையும் அவனே கழுவணும்.

தென்காசி அம்மா

ரொம்ப நன்றி. டிக்கெட்டுக்கு 400 போதுமா? தீபாவளிக்கு ஆம்னி பஸ் விலை கேட்டா தலை சுத்துது.

கணக்குப்பிள்ளை

ரயில்னா போதும், ஆனா தேதி தப்பக் கூடாது. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளி, பொங்கல் ரெண்டுக்கும் அந்த நாளை இன்னைக்கே காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. திரும்பிப் போற டிக்கெட்டுக்குத் தனி தேதி, அதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.