டீமனுக்குத் தமிழ்ல என்ன? (வெள்ளிக்குள்ள வேணும்)

மொழிபெயர்ப்பு அணி:
வணக்கம். வெள்ளிக்கிழமை மென்பொருளோட சரங்களை (திரையில வர்ற வாசகங்களை) பூட்டிடுவாங்க, "டீமன்" மட்டும் தொங்குது. யாரும் கூப்பிடாமலே கம்ப்யூட்டர்ல பின்னால ஓடிட்டிருக்கற ப்ரோகிராமுக்கு அதுதான் பேரு. பழைய கோப்புல யாரோ பிசாசுன்னு போட்டு வெச்சதால "அச்சுப் பிசாசு இயங்கவில்லை"ன்னு திரையில வருது. காப்பாத்துங்க.

செர்வர்காரன்:
பிசாசு வேண்டவே வேண்டாம். 1963 வாக்குல எம்ஐடில ப்ராஜெக்ட் மேக்ங்கிற கணினி ஆராய்ச்சித் திட்டத்து ஆளுங்க இந்தப் பேர் வெச்சப்ப மனசுல இருந்தது இயற்பியல்காரர் மேக்ஸ்வெல்லோட டீமன், ஓயாம உக்காந்து மூலக்கூறை வேகம் பாத்துப் பிரிச்சுவிடற கற்பனை ஆள். கிரேக்கத்துல டைமோன்னா சாமிக்கும் மனுசனுக்கும் நடுவுல நிக்கிறது, கெட்டதுன்னு ஆனது கிறிஸ்தவம் வந்தப்புறம்தான். சாமி வாடையே வேணாம்னும் சொல்லாதீங்க, இன்டர்நெட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான விண்ட் செர்ஃபுக்கு கூகுள் 2005-ல குடுத்த பதவியே இன்டர்நெட் எவாஞ்சலிஸ்ட் (நற்செய்தி பரப்பறவர்), ஸ்க்ரீன்ல நம்ம உருவத்துக்குப் பேரு அவதார்.

தமிழ் வாத்தியார்:
தம்பி, புகார்ப் பட்டணத்துல சதுக்கப் பூதம் இருக்கே! சிலம்புல வருது. நாற்சந்தியில நின்னு பொய்த்தவசி, பொய்ச்சாட்சி சொல்றவன், அடுத்தவன் பொண்டாட்டியைத் தேடிப் போறவன் எவனா இருந்தாலும் பாசக் கயித்தால கட்டி அடிச்சுத் தின்னுடும், யாரும் கூப்பிட வேண்டியதில்ல. ஸ்பேம் பிடிக்க வேற என்ன வேணும்? பூதத்தாழ்வாரைக் கும்புடறவங்களுக்கு பூதம்னா என்ன பயம்?

தனித்தமிழன்:
பூதம் வடசொல் ஐயா. "ஏவல்" வைங்க. ஏவல் வினைமுற்றுல கட்டளைங்கிற பொருளும் வந்துடுது. "சாத்தன்"கூட யோசிச்சேன், ஐயனார் பேரு, வணிகச் சாத்துக்கு, அதாவது கூட்டமா பயணம் போற வியாபாரிங்களுக்கு, காவலா போறவர், அதுலேர்ந்துதான் குட்டிச்சாத்தான், பைபிள் சாத்தானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சாத்துங்கிறது தூய தமிழ்

யாழ் ஆசிரியை:
ஏவல் எண்டா எங்கட பக்கம் செய்வினை. "உங்கட கணினியில கன ஏவல் ஓடுது" எண்டு வகுப்பில சொன்னா அடுத்தநாள் தாய்தகப்பன் பள்ளிக்கூட வாசல்ல நிப்பினம். பிள்ளையளுக்கு விளங்கவேணும், "பின்னணிச் சேவை" காணும்.

செர்வர்காரன்:
அப்ப சர்வீஸுக்கு என்ன போடுவீங்க மேடம்? ரெண்டும் ஒரே வரில வருமே. அதோட டீமன் பொறக்கற கதையே தனி, ஃபோர்க் பண்ணின (தன்னையே நகலெடுத்துப் பிள்ளை பெத்த) கையோட தாய் ப்ராசஸ், அதாவது ஓடிட்டிருந்த ப்ரோகிராம், போய்ச் சேந்துடும், அநாதையா நிக்கிற பிள்ளையை 1-ம் நம்பர் ப்ராசஸ் தத்தெடுத்துக்கும், கட்டளை அடிக்கற டெர்மினலையும் விட்டுட்டு அதுபாட்டுக்கு ஆயுசுக்கும் ஓடும். நம்மூர்ல அகாலமா செத்தவங்க சாமியாவாங்க, இங்க பிள்ளை சாமியாகுது. "பின்னணி"ன்னா இதெல்லாம் எங்க வருது?

யாழ் ஆசிரியை:
அது சொல்லுக்குள்ள வரத்தேவையில்லை தம்பி, பாடத்தில நான் சொல்லுவன்.

மொழிபெயர்ப்பு அணி:
நேரமில்லைங்க. டீமனுக்குப் பின்னணிச் சேவைன்னே போட்டுடறோம், சர்வீஸ் வெறும் "சேவை". எஸ்எஸ்எச்டி, எச்டிடிபிடி மாதிரி டீமன் பேர்கள்ல கடைசில டீமனைக் குறிக்கற "டி"யை யாரும் தொடாதீங்க, அது ப்ரோகிராம் பேரு. போய்ச் சேராம திரும்பி வர்ற மெயில்ல அனுப்புனர் பேரா வர்ற மெயிலர்-டீமன் அடுத்த வெளியீட்டுக்கு.

செர்வர்காரன்:
என் ஓட்டு பூதத்துக்கு. பதிவு பண்ணிக்கோங்க.

தமிழ் வாத்தியார்:
எனக்கும் அதே. தனித்தமிழன் தம்பிக்கு: "சாத்து" தூய தமிழா? வடமொழி சார்த்தம்தான் அப்படி ஆச்சுன்னு பேரகராதியே பேசுது. தனி இழையில வாங்க.