ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: பறக்கும் தட்டுக்கு எப்பவும் 300 பாயிண்ட் எடுக்க வழி உண்டா?

தக்கலைப் பையன்:
அண்ணன்மாரே, ஸ்பேஸ் இன்வேடர்ஸ், அதான் மேலயிருந்து இறங்குற ஏலியன் படையைச் சுடுற பழைய கேம், லேப்டாப்ல பிரவுசர்ல ஆடுறேன். ஸ்பேஸ்பார் தட்டினாலும் பல நேரம் குண்டு போவமாட்டேங்கு. கீபோர்டு கோளாறா? திரை உச்சியில போற பறக்கும் தட்டை அடிச்சா ஒரு தடவை 50, இன்னொரு தடவை 300 பாயிண்ட் விழுது, அது வெறும் அதிர்ஷ்டமா? கடைசியா மிஞ்சுற ஏலியன் பறக்கிற வேகத்துல அடிக்கவே முடியல.

குழித்துறை:
கீபோர்டுல ஒண்ணுமில்ல தம்பி. 1978ல டைட்டோ கம்பெனி விட்ட அசல் மெஷின்லயே விதி அதுதான்: உன் குண்டு ஒரு நேரத்துல ஒண்ணுதான் திரையில இருக்கும். குறி தப்பினா அது உச்சி வரைக்கும் போய் வெடிக்கணும், அதுவரை நீ வெறுங்கை. அதனால படபடன்னு தட்டாதே, குறி பாத்து அடி. கீழ வந்த வரிசைய அடிச்சா அடுத்த குண்டு உடனே கையில.

தட்டு அதிர்ஷ்டம் இல்லவே இல்ல. எத்தனை குண்டு விட்டிருக்கேங்கிற கணக்குதான். ஒவ்வொரு ரவுண்டும் 22 குண்டு விட்டுட்டு நிறுத்து. உனக்கு மேல இருக்கிற தடுப்புச் சுவர், அதான் ஷீல்டு, அதுக்கு அடியில ஒதுங்கி நில்லு. சுமார் 25 செகண்டுக்கு ஒரு தடவை தட்டு வரும். தட்டு போற திசையில கொஞ்சம் முன்னால குறி வச்சு 23வது குண்டை விடு, 300. பிறகு 14 விட்டு, 15வது மறுபடி தட்டுக்கு. தப்பின குண்டும் கணக்குல சேரும். முந்தினது பறக்கும்போது தட்டினது சேராது, பலருக்கும் எண்ணிக்கை பிசகுறது இங்கதான். வாய்விட்டு எண்ணு.

ஒரு ரவுண்டுல இருக்கிற 55 ஏலியனையும் அடிச்சாலே 990தான் வரும். அப்போ 300 எவ்வளவு பெருசுன்னு பாரு! ஆனா 8க்குக் கீழ ஆள் குறைஞ்சா தட்டு வராது. அதனால கூட்டத்தைச் சீக்கிரம் காலி பண்ணாதே.

குளச்சல் கரை:
கடைசி ஆள் வேகத்துக்குக் காரணம், ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒரு தடவை புதுசா வரையுறதுக்கு, ஒரு ஏலியன்தான் நகரும். செகண்டுக்கு 60 பிரேம். 55 பேர் இருந்தா மொத்தப் படையும் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு செகண்டு, ஒருத்தன் மட்டும்னா ஒவ்வொரு பிரேமும் அவன் முறை. கடைசி ஆள் ஒவ்வொரு அடியும் வலப்பக்கம் 3 பிக்சல், இடப்பக்கம் 2 பிக்சலா நகருவான். இடப்பக்கம் திரும்பும்போது அடி, அதுதான் மெதுவான பக்கம். அவன் பின்னால ஓடாதே, முன்னாடியே நின்னு குண்டை மேல அனுப்பு.

ஓரத்து நெடுவரிசைய முதல்ல ஒழிச்சா படை சுவரைத் தொட அதிக தூரம் போகணும், கீழ இறங்குறது தாமதமாகும். ஷீல்டு நடுவுல ஒரு ஒல்லி ஓட்டை போட்டு அதுக்குள்ளயிருந்து சுடலாம், ஆனா ஓட்டை அகலமாகாம பாத்துக்கோ.

தக்கலைப் பையன்:
23வதுக்கு 100தான் விழுந்துது அண்ணே. ரெண்டு தடவை சரியா எண்ணினேன்.

குழித்துறை:
அப்போ நீ ஆடுறது நகல் மக்கா. பிரவுசர்ல பல தளத்திலயும் யாராவது புதுசா எழுதினதுதான் இருக்கு, அதுல தட்டுக்கு மதிப்பு குலுக்கல்ல வரும். அசல் மெஷினோட புரோகிராமை (ரோம்) அப்படியே, அந்த மெஷின் மாதிரி நடிக்கிற எமுலேட்டர்ல ஓட்டுற தளமா தேடு. இன்னொன்னு, மழைக்கு கரண்ட் போய் பேட்டரியில ஓடினா பவர் சேவர் பிரேமைக் குறைக்கும், ஆட்டம் இழுத்துக்கிட்டுப் போகும். ஆடும்போது அதை அணைச்சிடு. அம்புக்குறி அமுக்கினா வெப் பக்கமே நகருதுன்னா ஆட்டத்துக்குள்ள ஒரு கிளிக் பண்ணு.