வாசல் கேட் சாயங்காலமானால் தானாகக் கத்துகிறது: கோளாறு டேக்கிலா, லைட்டிலா?

மன்னை_ஜவுளி (கேள்வி)

வணக்கம். மன்னார்குடியில் எங்களுக்கு இரண்டு மாடி ஜவுளிக்கடை. அப்பா ஆரம்பித்த கடை. நான் பொறுப்பெடுத்த பிறகு திருட்டுக்குப் பயந்து வாசலில் டேக் கேட் போட்டோம், பில் போடாத துணி டேக்கோடு தாண்டினால் கத்தும். இரண்டு பக்கமும் தூண், நடுவில் ஆள் போகும் வழி. புடவைக்கும் சுடிதாருக்கும் விரல் நீளத்தில் வெள்ளை ஸ்டிக்கர், பட்டுக்குப் பிளாஸ்டிக் டேக்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் முகப்பை மாற்றினோம். புது எல்இடி பெயர்ப் பலகை, வளைவு முழுக்க சீரியல் செட், விளம்பரம் ஓட ஒரு பெரிய டிவி. அதற்குப் பிறகுதான் தலைவலி. பகலில் கேட் ஒழுங்காக இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்டு அரை மணி ஆனதும், வாசலில் ஈ காக்கை இல்லாதபோதும் கத்துகிறது. நிற்கும், மறுபடி கத்தும்.

போன வாரம் ஒரு டீச்சரம்மா, ரொம்ப வருட வாடிக்கை, ஒன்றும் எடுக்காமல் வெளியே போனார். கேட் கத்தியது. வாசலில் நிற்கும் பையன் பையைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டான். உள்ளே டிபன் பாக்ஸும் ஒரு கட்டு விடைத்தாளும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மூடிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அப்பாவே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

கேட் போட்டவர்கள் முதலில் ஃபோனிலேயே "எங்காவது டேக் விழுந்து கிடக்கும் சார், தேடிப் பாருங்க" என்றார்கள். அப்புறம் ஒருவர் வந்து லேப்டாப்பை மாட்டி சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டுப் போனார். இப்போது கத்தல் குறைந்திருக்கிறது. ஆனால் கேட் உண்மையில் வேலை செய்கிறதா என்றே சந்தேகம்.

இன்னொன்று. பில் கவுன்ட்டரில் ஒயர்லெஸ் பார்கோடு ஸ்கேனரும் விட்டு விட்டுத்தான் எடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்குமா?

சால்டர்_வாசனை

தம்பி, ஸ்கேனரைத் தனியாக வையுங்கள், அது வேறு கதை. முதலில் கேட்.

விரல் நீள ஸ்டிக்கர், கொஞ்சம் தடிமன், ஆட்டினால் உள்ளே மெல்லிய தகடு அசைகிறதா? அப்படியென்றால் உங்களுடையது 58 கிலோஹெர்ட்ஸ் கேட். சதுரமான தாள் ஸ்டிக்கர், வெளிச்சத்தில் பிடித்தால் சுருள் சுருளாகக் கோடு தெரிகிறது என்றால் அது 8.2 மெகாஹெர்ட்ஸ் வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால் இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

58 கிலோஹெர்ட்ஸ் கேட் தொடர்ந்து அலை அனுப்பாது. ஒன்றரை மில்லிசெகண்ட் போல ஒரு வெடிப்பு அனுப்பும், நிறுத்தும், காது கொடுத்துக் கேட்கும். நொடிக்குப் பல முறை இதுதான் வேலை. டேக்குக்குள் இருக்கும் உலோகத் தகடு அந்த அலையில் அதிர்ந்து, அலை நின்ற பிறகும் கோயில் மணியின் ரீங்காரம் மாதிரி கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த மிச்ச அதிர்வைத்தான் கேட் பிடிக்கிறது. பில் போடும்போது கவுன்ட்டரில் இருக்கும் டேக் அணைக்கும் பேடில் தேய்த்தால் உள்ளே இருக்கும் காந்தத் துண்டின் காந்தம் போய்விடும், தகடு 58-இல் அதிர்வதை விட்டுவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

இப்போது உங்கள் பெயர்ப் பலகைக்கு வாருங்கள். எல்இடிக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர், செல்ஃபோன் சார்ஜர், டிவிக்குள் இருக்கும் பவர் சப்ளை எல்லாமே எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. கரன்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்யும். மலிவு டிரைவர்கள் பல 50, 60, 70 கிலோஹெர்ட்ஸ் என்று சரியாக இந்தப் பக்கத்திலேயே ஓடுகின்றன. கேட் காது கொடுக்கும் நேரத்தில் டிரைவரின் இரைச்சல் உள்ளே வந்தால் அதை டேக் என்று நினைத்துக் கத்தும். அரை மணி கழித்து ஆரம்பிக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. சூடு ஏற ஏற மலிவு டிரைவரின் அதிர்வெண் நகரும். நகர்ந்து நகர்ந்து 58-க்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது போல.

கத்துவதுகூடப் பரவாயில்லை. இரைச்சலில் கேட் செவிடாகிவிடும், அப்போது நிஜ டேக் போனாலும் பிடிக்காது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தவர் உங்கள் கடைக்கு நல்லது செய்யவில்லை. ஒரு டேக்கைக் கையில் பிடித்து, காலையில் தூணிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். எல்லா விளக்கும் எரியும்போது மறுபடி பாருங்கள். அப்புறம் எம்சிபியை (மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள். எதை இறக்கும்போது தூரம் கூடுகிறதோ அதுதான் குற்றவாளி.

வீட்டில் பழைய பேட்டரி ரேடியோ இருந்தால் இன்னும் சுலபம். மீடியம் வேவில் திருச்சி வானொலியின் 936-ஐத் தாண்டி, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஒவ்வொரு அடாப்டர் பக்கத்திலும் கொண்டு போங்கள். கர்ரென்று இரைகிறதா, அது அழுக்கு சப்ளை.

இது தீரும்வரை அந்தப் பையனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கேட் கத்தினால் யார் பையையும் தொடக்கூடாது.

நெட்_கேபிள்காரன்

எங்கள் ஏரியாவில் ஒரு கடைக்கு இதே தொல்லை. அடாப்டர் ஒயரில் ஃபெரைட் வளையம் (ஒயரில் வரும் இரைச்சலை அடக்கும் குட்டி வளையம்) மாட்டினோம், நின்றுவிட்டது. ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கி எல்லா ஒயரிலும் மாட்டிவிடுங்கள் அண்ணா.

சால்டர்_வாசனை

நீங்கள் பார்த்தது 8.2 மெகாஹெர்ட்ஸ் கேட்டாக இருந்திருக்கும். அங்கே அந்த வளையம் நன்றாகப் பிடிக்கும். 58 கிலோஹெர்ட்ஸில் அந்தக் குட்டி வளையத்தால் பெரிய பலன் கிடையாது. காசைச் செலவழித்துவிட்டு மறுபடி இங்கே வந்துதான் கேட்பார்.

மளிகை_அக்கா

கேட் பற்றித் தெரியாது, ஆனால் சாதனங்கள் ஒன்றையொன்று குழப்புவது உண்மைதான். எங்கள் கடை மின்னணுத் தராசுப் பக்கத்தில் 2ஜி பட்டன் ஃபோனை வைத்தால், அழைப்பு வரும் நேரம் எண் துள்ளும். பருப்பு அப்படியே இருக்கும், கிராம் மட்டும் மாறும். தராசுக்குள் எடையை உணரும் லோட் செல் தருவதே சில மில்லிவோல்ட்தான், ஃபோன் அதிகபட்ச சக்தியில் அலை விடும்போது அது கலங்குகிறது என்று சர்வீஸ் செய்பவர் சொன்னார். தராசு மேடையில் ஃபோன் வைக்காதே என்று எழுதி ஒட்டியதோடு சரி. திறந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்காதீர்கள். முத்திரை உடைந்தால் ஆய்வுக்கு வருபவரிடம் பதில் சொல்ல முடியாது.

பில்லிங்_குமார்

ஸ்கேனருக்கு நான் பதில் சொல்கிறேன். சிபியு பின்னால் பாருங்கள் சார். ஸ்கேனரின் டாங்கிளுக்கு (சிக்னலை வாங்கும் குட்டி யுஎஸ்பி ரிசீவர்) பக்கத்துத் துளையில் பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறீர்களா? நீல நிறத் துளை, அதாவது யுஎஸ்பி 3.0?

நொடிக்கு 5 கிகாபிட் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுக்க இரைச்சல் கிளம்பும். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஸ்கேனரும் பெரும்பாலும் 2.4-இல்தான் பேசுகிறது. ஸ்கேனரை மாற்ற வேண்டாம். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை மேஜைக்கு மேலே கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க்கை மறுபக்கம் தள்ளுங்கள். மாடியில் மைக்ரோவேவ் அவன் வைத்திருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அதையும் கவனியுங்கள், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான்.

மன்னை_ஜவுளி

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே தகடு. 58 தான். காலையில் டேக்கைத் தூணிலிருந்து இரண்டு கை நீளத்தில் பிடித்தாலே கத்தியது. சாயங்காலம் எல்லா விளக்கும் எரியும்போது தூணில் கிட்டத்தட்ட ஒட்ட வேண்டியிருந்தது. அதாவது இந்தத் தள்ளுபடி முழுக்கக் கடை திறந்த வீடு. அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

சீரியல் செட்டை அணைத்தேன், வித்தியாசம் இல்லை. டிவியை அணைத்தேன், அதுவும் இல்லை. பெயர்ப் பலகையை இறக்கியதும் பழைய தூரத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. பலகை கேட்டுக்கு நேர் மேலே, ஏசிபி ஷீட்டுக்குப் (முகப்பை மூடும் அலுமினியப் பலகை) பின்னால் வரிசையாக டிரைவர்கள். எலக்ட்ரீஷியன் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். மூடியைத் திறந்தால் கரன்ட் உள்ளே வருகிற பக்கம் போர்டில், இரைச்சலை வடிகட்டும் சுருளுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடம் அச்சடித்திருக்கிறது, பொருள் இல்லை. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பி வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

மீதிக் கால்வாசியைத் தேடினால் நம்ப மாட்டீர்கள், வாசல் பையனின் ஃபோன் சார்ஜர். தூணுக்கு அடியில், கேட் மாட்டியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அப்பாவின் ரேடியோவைக் கிட்டே கொண்டு போனதும் அலறியது.

ஸ்கேனர் பிரச்சினை குமார் சார் சொன்னபடியே, நீலத் துளைதான். ஒயர் போட்டாச்சு, சரியாக எடுக்கிறது.

தெரு_முனை_எலக்ட்ரானிக்ஸ்

பக்கத்துக் கடையில் இதே வகை கேட் இருக்கிறதா? இருந்தால் அதையும் பாருங்கள். இந்த கேட்கள் மெயின் கரன்டின் அலையைப் பார்த்துத்தான் எப்போது அனுப்புவது, எப்போது கேட்பது என்று நேரம் வைத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒரு ஃபேஸ், அவருக்கு வேறு ஃபேஸ் என்றால், அவர் கேட் அனுப்பும் நேரம் உங்கள் கேட் கேட்கும் நேரத்தில் விழும். பெரிய மால்களில் இதற்கென்றே ஆள் வந்து ஃபேஸ் சரிசெய்துவிட்டுப் போவார்.

மன்னை_ஜவுளி

ஒரு பக்கம் பாத்திரக்கடை, மறுபக்கம் மருந்துக்கடை. கேட் யாரிடமும் இல்லை.

டிரைவர்களை எல்லாம் மாற்றச் சொல்லியாச்சு. சால்டர் ஐயா, டிவியையும் அங்கிருந்து எடுக்கணுமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை என்ன செய்வது? டிவிக்கு எதிரே, தூணை ஒட்டி, புடவை எடுக்கும் வரை ஆண்கள் உட்கார நாற்காலி போட்டிருக்கிறோம், அதனால் கேட்கிறேன்.

சால்டர்_வாசனை

டிவியைத் தொடாதீர்கள். அணைத்துப் பார்த்தீர்கள், மாற்றமில்லை, அது நிரபராதி. நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த கேட்டைச் சாதாரணமாக நடந்து கடந்தால் பயமில்லை, பக்கத்தில் நிற்கவோ சாயவோ கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வாசலில் உட்காரும் பெரியவர்களில் யாருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கையும் கேட் பக்கம் அடுக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கேட்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், நல்ல எர்த்தோடு. அந்த லைன் பெயர்ப் பலகை ஒயரோடு ஒரே பைப்பில் போகக் கூடாது. புது டிரைவர் வாங்கும்போது விற்பவரிடம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சுருள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு கேட்காரரைக் கூப்பிட்டு சென்சிட்டிவிட்டியைப் பழையபடி ஏற்றச் சொல்லுங்கள். பகலில் வரச் சொல்லாதீர்கள். விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு, டேக்கைக் கையில் பிடித்து அவர் கண் முன்னாலேயே தூரத்தைக் காட்டி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

பையனுக்கு ஒரு நல்ல சார்ஜர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கவுன்ட்டர் பக்கம் மாட்டிக்கொள்ளட்டும்.