ஐசியு டயாலிசிஸில் ஃபில்டரை எப்போது மாற்றுகிறார்கள்? நம் மாவட்டத்து அனுபவங்கள்

திருவட்டாறிலிருந்து ஒரு அண்ணன் மகன்:

சித்தப்பாவுக்கு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர். காலில் ஆறாத வெடிப்போடு ஈரத்தில் நடப்பவர்களுக்கு இது வரும் என்பது குமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முதல் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே இருந்துவிட்டார். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, ரத்த அழுத்தமும் இறங்கிய பிறகுதான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம்.

வழக்கமான நான்கு மணி நேர டயாலிசிஸை இந்த ரத்த அழுத்தம் தாங்காது என்றார் மருத்துவர். இரவு பகலாக மெதுவாக ஓடும் தொடர் டயாலிசிஸ் தொடங்கினார்கள். அதற்கான ஃபில்டர் செட்டின் விலையைக் கேட்டு வீட்டில் எல்லாரும் வாயடைத்துப் போனோம். மூன்று நாள் வரை ஓடும் என்று சொன்ன செட்டை மறுநாளே மாற்ற வேண்டும் என்றபோது என் தம்பி கொதித்துவிட்டான். "பணம் பிடுங்கத்தானே இது?" என்று வராந்தாவிலேயே கத்தினான்.

பணியில் இருந்த சிஸ்டர் கோபப்படவில்லை. என்னை மட்டும் உள்ளே அழைத்துப்போய் இயந்திரத்தைக் காட்டினார். கண்ணாடிக் குழாய் போன்ற அந்த ஃபில்டருக்குள் முடியளவு மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ரத்தம் ஓடும்போது முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். சித்தப்பாவின் ஃபில்டரில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. திரையில் ஃபில்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கோடு காலையிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டே வந்திருந்தது. "இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால் மொத்தமாக உறைந்துவிடும். உள்ளே இருக்கும் ரத்தம் அப்படியே வீண். இப்போது நிறுத்தினால் அதை அவர் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார்.

அந்த நிமிடமே என் சந்தேகம் தீர்ந்தது. எலிக்காய்ச்சலால் சித்தப்பாவுக்குத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ரத்தக்கசிவுக்குப் பயந்து ஹெபாரின் கொடுக்காமல்தான் ஓட்டினார்கள். உறைவைத் தடுக்கும் மருந்து இல்லாமல் ஓடும் ஃபில்டர் ஒரு நாளைத் தாண்டாமல் போவது சாதாரணம் என்று பிறகு மருத்துவரும் விளக்கினார். இதை முதல் நாளே எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் வராந்தாவில் அந்தச் சத்தமே எழுந்திருக்காது. சித்தப்பாவுக்குச் சிறுநீர் திரும்பிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார்.

ஐசியு செவிலியர், நாகர்கோவில்:

தம்பி, உங்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடக்கிறது. 72 மணி நேரம் என்பது தயாரிப்பாளர் வைத்திருக்கும் மேல்வரம்பு. அதற்குமேல் நன்றாக ஓடினாலும் மாற்றியே ஆக வேண்டும். அதுவரை ஓடியே தீரும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2020இல் வெளியான ஜெர்மனி ஆய்வு ஒன்றில், உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சிட்ரேட் முறையில் ஃபில்டர் ஆயுள் நடுமதிப்பாக ஏறத்தாழ 47 மணி நேரமும் ஹெபாரினில் 26 மணி நேரமும்தான் கிடைத்தது. சிட்ரேட்டில் ரத்தக்கசிவும் குறைவு, ஆனால் தொற்று அந்தப் பிரிவில் கூடுதலாக இருந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே மருந்து என்று முடிவு கட்ட முடியாது. கல்லீரல் மோசமாகச் செயலிழந்தவருக்குச் சிட்ரேட் உடம்பிலேயே தேங்கிவிடும்.

கடிகாரத்தைவிட ஃபில்டர் அழுத்தம் போகும் போக்கைத்தான் நான் நம்புகிறேன். மணிக்கொரு முறை எண்களைக் குறித்துவைத்தால் ஃபில்டர் முடியப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். செட்டுக்குள் 150 முதல் 200 மில்லி வரை ரத்தம் இருக்கும். ஏற்கெனவே ரத்தசோகையில் கிடப்பவருக்கு அது பெரிய அளவு. இரண்டு மூன்று தடவை உறையவிட்டால், ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். சிடி ஸ்கேனுக்கு நோயாளியை இறக்க வேண்டியிருந்தால், பழைய ஃபில்டரை அந்த நேரத்தோடு சேர்த்து முடித்து, ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்து, வந்த பிறகு புதியதை மாட்டுவோம். மருத்துவரிடம் இதை நான் வாதாடியே வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிக்கடி உறைகிறது என்றால் உடனே ஃபில்டரைக் குறை சொல்லக் கூடாது. முதலில் கதீட்டரை, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்துத் திருப்பிவிடும் குழாயைப் பார்க்க வேண்டும். தொடையில் போட்டிருந்தால் நோயாளி காலை மடக்கியதும் ஓட்டம் தடைபட்டு அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும். நின்ற ரத்தம் உறையும். கழுத்தின் வலப்பக்க ரத்தக்குழாய்க்கு முதலிடம் கொடுப்பது இதனால்தான். ஹெபாரின் கொடுத்தும் உறைந்துகொண்டே இருந்து, தட்டணுக்களும் இறங்கினால், அந்த ஹெபாரினே காரணமா என்று சோதிக்க வேண்டும்.

உறையாமலே ஃபில்டர் சோர்ந்துபோவதும் உண்டு. வெளியேறும் திரவத்தில் உள்ள யூரியாவையும் ரத்த யூரியாவையும் ஒப்பிட்டால் பிடிபடும். இயந்திரம் அமைதியாக ஓடுகிறது, ஆனால் அழுக்கு இறங்கவில்லை. உறைந்த ஃபில்டராவது அலாரம் அடித்து நம்மைக் கூப்பிடும், இது கூப்பிடாது. அதனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

டயாலிசிஸ் டெக்னீசியன், மார்த்தாண்டம்:

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறவர்களின் ஃபில்டரான டயாலைசரைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி பயன்படுத்துவோம். அதன் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு "ஐசியு ஃபில்டரையும் கழுவிப் போடக் கூடாதா" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கூடாது. அது ஒரே முறைக்கான செட்.

குளச்சலிலிருந்து ஒரு மகள்:

அம்மா இப்போது ஐசியுவில்தான் இருக்கிறார்கள். நேற்றிரவு ஃபில்டர் மாற்றினார்கள். நான் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், அக்கா?

ஐசியு செவிலியர், நாகர்கோவில்:

"ஏன் மாற்றினீர்கள்" என்று சண்டைக்குப் போவதுபோல் தொடங்காதீர்கள், அம்மா. எவ்வளவு நேரம் ஓடியது, ரத்தம் முழுதும் திரும்பியதா, அடுத்த செட் மாட்டுவதற்குள் எவ்வளவு இடைவெளி ஆனது என்று கேளுங்கள். அந்த இடைவெளி நீண்டிருந்தால் ஆன்டிபயாட்டிக் அளவைத் திரும்பப் பார்த்தார்களா என்பதையும் கேட்கலாம். டயாலிசிஸ் ஓடும்போது கொடுக்கும் அளவு வேறு, நிற்கும்போது வேறு. கதீட்டர் எந்தப் பக்கம், உறைவுக்கு என்ன மருந்து என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்று செட் ஒன்று படுக்கைக்கு அருகிலேயே இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் இங்கே கிடைக்காமல் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.