புதிய கணினியில் 4கே புளூ-ரே வட்டு ஓடவில்லை: குறை டிரைவிலா, செயலியிலா?

கேள்வி: வட்டுப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் உழைத்த என் மேசைக் கணினியை அண்ணன் மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, சென்ற மாதம் 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7 செயலி (கணினியின் மூளையான சில்லு), 32 ஜிபி நினைவகம், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைக் கொண்டு புதிய கணினி ஒன்றை அமைத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் நான்கு 4கே புளூ-ரே திரைப்பட வட்டுகளைக் கொடுத்ததால், அவற்றைப் படிக்கும் என்று பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்த ஒரு டிரைவையும், பிளேயர் மென்பொருள் ஒன்றையும் பணம் கொடுத்து வாங்கினேன்.

வட்டை உள்ளே தள்ளியதும் டிரைவ் சுழலும் இரைச்சல் கேட்கிறது, விளக்கு மினுங்குகிறது, கோப்புகளைத் திறந்து பார்த்தால் 50 ஜிபிக்கும் மேற்பட்ட ஒரே பெரிய கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மென்பொருளில் இயக்கும்போது சில நொடிகள் கருந்திரையாக நின்றுவிட்டு, இக்கணினி இவ்வட்டை இயக்கத் தகுதியற்றது என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. தகுதியைச் சோதிக்கும் சிறு கருவியை ஓட்டிப் பார்த்ததில், டிரைவுக்கு எதிரே பச்சைக் குறியும், 'எஸ்ஜிஎக்ஸ்' என்ற வரிக்கு எதிரே சிவப்புக் குறியும் வந்தன. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் பக்கம் பக்கமாகத் தேடியும் அப்படி ஓர் அமைப்பே இல்லை. கடைக்காரர் டிரைவை மாற்றிக் கொடுத்தார், விண்டோஸையும் புதிதாக நிறுவினேன், பலனில்லை. இதே டிரைவில் சாதாரண புளூ-ரே வட்டு ஒரு தடங்கலுமின்றி ஓடுகிறது. இணையத்தில் 4கே காணொளிகளும் வழுக்கிக்கொண்டு போகின்றன. எங்கே தவறு செய்தேன் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: செயலிக்கிறுக்கன்

நண்பரே, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. உங்கள் கணினி அளவுக்கு மீறிப் புதியதாக இருப்பதுதான் சிக்கல். இதைச் சொன்னால் கேலி போலத் தோன்றும், ஆனால் நிலைமை உண்மையிலேயே அதுதான்.

4கே புளூ-ரே 2016-இல் சந்தைக்கு வந்தபோது, சாதாரண புளூ-ரேயின் பூட்டு ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்ததால், திரைப்பட நிறுவனங்கள் ஏஏசிஎஸ் 2.0 என்ற கடுமையான புதிய பூட்டை அதற்குப் போட்டன. கணினியில் அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை, விண்டோஸ்கூட எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் நடக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த இடத்தைத் தந்தது இன்டெல் செயலிகளில் 2015 முதல் இடம்பெற்ற எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி. நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கி, உள்ளே இருப்பதை இயங்குதளத்திடமிருந்தும் மறைத்து வைப்பது அதன் வேலை. வட்டைத் திறக்கும் சாவிகள் அந்தச் சுவருக்குள்ளேயே கையாளப்படுகின்றன. 2017-இல் கணினிக்கென முதலில் வந்த 4கே புளூ-ரே மென்பொருளான பவர்டிவிடி 17, 7-ஆம் தலைமுறை இன்டெல் செயலியையும் எஸ்ஜிஎக்ஸையும் கட்டாயமாகக் கேட்டதற்கு இதுவே காரணம். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் செயலிகளில் எஸ்ஜிஎக்ஸ் ஒருபோதும் இருந்ததில்லை என்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு தொடக்கத்திலிருந்தே மூடித்தான் இருந்தது.

அந்தச் சுவரிலும் ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர்கள் அடுத்தடுத்துக் காட்டினார்கள். 2018-இல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல், 2019-இல் செயலியின் மின்னழுத்தத்தைக் குறைத்தே உள்ளிருப்பதைக் குலைக்கும் பிளண்டர்வோல்ட், 2020-இல் எஸ்ஜிஆக்ஸ் என்று பட்டியல் நீண்டது. பிறகு 11, 12-ஆம் தலைமுறைக் கோர் செயலிகளில் எஸ்ஜிஎக்ஸ் கைவிடப்பட்டதாக இன்டெல் தன் ஆவணங்களிலேயே குறிப்பிட்டது. சர்வர்களுக்கான சியான் செயலிகளில் அது இன்னும் தொடர்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு இல்லை. ஆகவே உங்கள் பயாஸில் அந்த அமைப்பு ஒளிந்துகொண்டிருக்கவில்லை, செயலியிலேயே இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறீர்கள். டிரைவை எத்தனை முறை மாற்றினாலும் அது வராது.

இணையத்தின் 4கே ஓடுவதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்தின் தரத்தைக் கையாள்வது உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பொருட்டே அன்று. வட்டு உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவைக் கொட்டினாலும் அது தாங்கும். தடுப்பது வேகமில்லை, அனுமதி.

பதில் 2: நள்ளிரவுத் திரை

மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பவர்டிவிடியைத் தயாரிக்கும் சைபர்லிங்க் நிறுவனமே, 4கே புளூ-ரே பார்க்க விரும்புவோர் 7 முதல் 10 வரையிலான தலைமுறைச் செயலிகளையே வைத்திருக்குமாறும், விண்டோஸ் 11-க்கு மாற வேண்டாம் என்றும் தன் உதவிப் பக்கத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. கணினி உலகில் எல்லோரும் புதுப்பிக்கச் சொல்லும்போது, புதுப்பிக்காதே என்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் சேவை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வட்டுப்பெட்டி (கேள்வி கேட்டவர்)

செயலிக்கிறுக்கன் ஐயா, மிக்க நன்றி. படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணன் மகளுக்குக் கொடுத்த பழைய கணினி 8-ஆம் தலைமுறை ஐ5 செயலி கொண்டது. விண்டோஸ் 10-தான் இன்னும் அதில் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்த வட்டுகள் அதில் ஓட வேண்டும். அவளிடம் பேசி, புதிய கணினியை அங்கே வைத்துவிட்டுப் பழையதை வாங்கிவரலாமா என்று யோசிக்கிறேன். அவள் நிச்சயம் மறுக்க மாட்டாள்!

பதில் 3: கேபிள்மாமா

தம்பி, அவசரப்பட்டுக் கணினியைத் தூக்காதீர்கள். நான் 2019-லிருந்து 8-ஆம் தலைமுறை ஐ7 கணினி ஒன்றில் இந்த வட்டுகளை ஓட்டி வருகிறேன். அதை ஓட வைக்க நான் பட்ட பாட்டைச் சொன்ன பிறகு முடிவெடுங்கள்.

செயலியில் எஸ்ஜிஎக்ஸ் இருந்தால் மட்டும் போதாது. செயலி பொருத்தப்பட்டிருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் பயாஸ் அதை இயக்க இடம் தர வேண்டும். என் பயாஸில் அது 'மென்பொருள் கட்டுப்பாடு' என்ற நிலையில் இருந்ததை 'இயக்கு' என்று மாற்றி, ஒதுக்கும் நினைவகத்தை 128 எம்பி என்று வைத்த பிறகுதான் முதல் சிவப்புக் குறி பச்சையானது. அடுத்து, படம் செயலிக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் வழியாக வெளியே வர வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டின் துளையில் கேபிளைச் செருகி வைத்துக்கொண்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் கேபிளைக் கழற்றி மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டிய பிறகே விடிந்தது.

உங்களுக்கு முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. கணினியிலிருந்து தொலைக்காட்சி வரை ஒவ்வோர் இணைப்பும் எச்டிசிபி 2.2 என்ற மற்றொரு பூட்டை ஏற்க வேண்டும். அந்தத் தலைமுறைச் செயலிக்குள் இருக்கும் யுஎச்டி கிராபிக்ஸ் 630 தன்னளவில் எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே தரக்கூடியது, எச்டிஎம்ஐ 2.0 வேண்டுமென்றால் மதர்போர்டு தயாரிப்பாளர் தனியாக ஒரு சில்லைச் சேர்த்திருக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அந்தச் சில்லு இல்லை. டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை வழியாக எடுத்து ஒரு மாற்றியைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் மாற்றி, பிரிப்பான் எதுவும் நடுவில் கூடாது என்று மென்பொருளின் தேவைப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே முதலில் உங்கள் பழைய போர்டின் பெயரைத் தேடி, அதன் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பாருங்கள். தொலைக்காட்சியிலும் எல்லாத் துளைகளும் ஒன்றல்ல. என்னுடையதில் நான்கில் இரண்டு மட்டுமே 2.2-ஐ ஏற்கின்றன.

பதில் 4: ஊர்ப்புற ரசிகன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பூட்டை உடைத்துக் கோப்பாக மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றனவே. நான் விலை கொடுத்து வாங்கிய வட்டை நான் பார்ப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

பதில் 5: செயலிக்கிறுக்கன்

உங்கள் ஆதங்கம் நியாயமானது, எனக்கும் அதே எரிச்சல் உண்டு. ஆனால் நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டுகளை உடைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சொந்தமாகப் பார்ப்பது அந்த 'நோக்கம்' என்ற சொல்லுக்குள் வருமா வராதா என்று வழக்கறிஞர்கள்தாம் வாதாட வேண்டும். அமெரிக்கச் சட்டம் இன்னும் கடுமையானது. வட்டுப்பெட்டி கேட்டது வட்டை எப்படி முறையாக ஓட்டுவது என்பதை, எனவே அதற்கே திரும்புகிறேன்.

என்னைக் கேட்டால், 4கே புளூ-ரேக்காகக் கணினியை நம்புவதை விட்டுவிடுங்கள். தனி பிளேயர் ஒன்றோ, வட்டு டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அல்லது பிளேஸ்டேஷன் 5-ஓ இருந்தால், வட்டைப் போட்டவுடன் படம் ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5-இலும் வட்டு போட வழியில்லை என்பதைக் கடையில் கவனியுங்கள்; பிளேஸ்டேஷன் 4 புரோவுக்கு டிரைவ் இருந்தும் இந்த வட்டுகளைப் படிக்கத் தெரியாது. இந்த விளையாட்டுப் பெட்டிகள் வட்டிலிருந்து டால்பி விஷன் என்ற மேம்பட்ட ஒளி-நிற முறையைத் தருவதில்லை, அதன் அடிப்படை வகையான எச்டிஆர்10 மட்டுமே வரும். உங்கள் தொலைக்காட்சியில் டால்பி விஷன் இருந்து, அந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியமென்றால், அதை ஏற்கும் தனி பிளேயரே சரி. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்பதால், எந்த நாட்டு வட்டும் எந்த நாட்டு பிளேயரிலும் ஓடும்.

வட்டுப்பெட்டி (கேள்வி கேட்டவர்)

கேபிள்மாமா சொன்னபடி பழைய போர்டின் பெயரைத் தேடினேன். எச்டிஎம்ஐ 1.4 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆக அந்தக் கணினியும் உதவாது. அண்ணன் மகள் தப்பித்தாள், அல்லது ஏமாந்தாள், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

உறவினர் கொடுத்த பெட்டிகளை இப்போதுதான் முழுவதும் திறந்து பார்த்தேன். நான்கில் மூன்றில் 4கே வட்டுக்குப் பின்னால் அதே படத்தின் சாதாரண புளூ-ரே வட்டும் செருகப்பட்டிருக்கிறது. அவை என் டிரைவில் ஓடுகின்றன. பிளேயருக்குப் பணம் சேரும் வரை அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். மென்பொருளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறு விற்றவர்களுக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.