புதுப்பிப்பு: டிராக் நாளுக்கு முதலில் பிரேக்கையே மாற்றினேன்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்கும் டிராக் நாளுக்காக, என் ஸ்போர்ட்ஸ் காரில் எதை முதலில் மாற்றலாம் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். டயர், எக்ஸாஸ்ட், இசியூ டியூனிங் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்புகளை மாற்றுவது) எனப் பல யோசனைகள் சொன்னீர்கள், நன்றி. நான் பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயிலையும், சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் தேர்ந்தெடுத்தேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், டாட் 4 (DOT 4) என்ற தர வகை ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் என விதிக்கப்பட்டுள்ள கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்க இடமுண்டு. சென்னைப் புழுக்கத்தில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உருவாகி, பெடலை முழுவதும் மிதித்தாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம். முழுப் பந்தயப் பேடுகள் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும் என்பதால், பூந்தமல்லி நெரிசலைக் கடந்து அதே காரில் செல்லும் எனக்குச் சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான வகையே பொருந்தியது. இப்போது கடைசிச் சுற்றிலும் பெடல் உறுதியாக இருக்கிறது. அடுத்து டயர், குதிரைத்திறனை அதற்குப் பிறகே கூட்டுவேன்.